சாவி கேட்காதவள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. உன் அப்பாவின் கடைவாய்ப் பல்லைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுக்குள் இருக்கும் குட்டியும் சுகம்தானே என்று கேட்டுத்தான் எப்போதும் ஆரம்பிப்பேன், இந்தத் தடவை கேட்கப் போவதில்லை, நீ சுகமாக இல்லை என்று எனக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, மாப்பிள்ளை பார்சல் வாங்க வாசலுக்குப் போன அந்த ஒரு நிமிஷத்தில் குரலைத் தாழ்த்தி, "அஞ்சு நாளாச்சும்மா, போகவே இல்ல, வயிறு கல்லு மாதிரி இருக்கு" என்று சொன்னாய். நான் வாயைத் திறப்பதற்குள், ஆபீசில் தண்ணீர் பாட்டிலைப் பைக்குள்ளேயே வைத்துவிடுகிறேன், அடிக்கடி எழுந்து போனால் டீம் லீடர் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்கிறார் என்றாய். அதற்குள் மாப்பிள்ளை திரும்பி வந்துவிட்டார், நீயும் சட்டென்று அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது என்று வானிலை வாசிக்கப் போய்விட்டாய். நீ போனை வைத்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உன்னோடு போனில் இதைப் பேச முடியாது. நீ ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பாத்திரம் தேய்க்கிறாய், இந்தப் பக்கம் உன் அப்பா என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நிற்கிறார். அதனால்தான் கடிதம். பல் வலிக்கிறது என்று அவரைப் பல் டாக்டரிடம் அனுப்பிவிட்டு, அவர் வருவதற்குள் எழுதி ஒட்டிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். உன் சித்தி வீடு மாறிவிட்டாள், மூன்றாவது மாடி, லிப்ட் இல்லை, படியேறிப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க வந்தோம், அவளுக்கு அதிலே ஒரே பெருமை, காற்று வருகிறதாம். எதிர்வீட்டுத் தையல்காரர் உன் குழந்தைக்கு என்று இப்போதே நாலு சட்டை தைத்து வைத்திருக்கிறார், ஒவ்வொன்றும் இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஆகும், அளவே எடுக்காமல் தைக்கிற ஒரே தையல்காரர் அவர்தான். இவ்வளவுதான் ஊர்ச் செய்தி. இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

நான் ஏன் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை வேலையை விட்டேன் என்று சின்ன வயதில் நீ கேட்டபோதெல்லாம், ரொம்ப தூரம், பஸ் கிடைக்கவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். பொய். பஸ் வாசலிலேயே நிற்கும். உண்மையை இருபத்தொன்பது வருஷமாக யாருக்கும் சொல்லவில்லை, உன் அப்பாவுக்குக்கூடப் பாதிதான் தெரியும். உன்னிடமும் சொல்லாமலே போயிருப்பேன், ஆனால் தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் வைத்திருக்கிறேன் என்று நீ சிரித்துக்கொண்டே சொன்ன அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அது என் சிரிப்பு. அதைக் கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

எங்கள் கூடத்தில் நாற்பது மெஷின், நான் காலர் தைக்கிறவள். சூப்பர்வைசர் ஒரு பெண்மணி, முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் பூட்டு. அந்தப் பெயர் ஏன் வந்தது என்றால் பாத்ரூம் சாவி அவள் மேஜையில்தான் இருக்கும். சாவி தொலைந்துபோகக் கூடாது என்று பழைய இஸ்திரிப்பெட்டியின் மரக் கைப்பிடியில் அதைக் கட்டிவைத்திருந்தாள். போக வேண்டுமென்றால் மெஷினை நிறுத்தி, கூடத்தின் மறுகோடி வரை நடந்து, அவளிடம் கேட்டு, நோட்டில் பெயரும் நேரமும் எழுதி, அந்தக் கட்டையைக் கையில் தூக்கிக்கொண்டு நாற்பது பேருக்கும் முன்னால் நடந்து போக வேண்டும். நாலு நிமிஷத்தில் திரும்ப வேண்டும். ஐந்தாவது நிமிஷம் அவளே வந்து கதவைத் தட்டுவாள். நீ வயிற்றில் ஐந்து மாதம், உனக்கே தெரியும், அந்த மாதத்தில் மூத்திரப் பையில் ஓட்டை விழுந்த மாதிரிதான் இருக்கும். ஒருநாள் காலையில் இரண்டு தடவை போய்விட்டு மூன்றாவது தடவை போய் நின்றேன். அவள் சாவியைக் கொடுத்தாள், கொடுக்காமல் இல்லை, ஆனால் கொடுக்கும்போது கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஏம்மா, உள்ள இருக்கறது புள்ளையா, குழாயா? எந்நேரமும் தொறந்தே கெடக்கு" என்றாள். நாற்பது மெஷினும் நின்று சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் கேட்டேன்.

அன்றைக்குப் பிறகு நான் அவளிடம் சாவி கேட்கவே இல்லை. காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை ஒரு மடக்குத் தண்ணீர் இல்லை. மதியம் இரண்டு ரொட்டித் துண்டு, காய்ந்தது, அதுவும் தொண்டையில் நிற்கும் அளவுக்குத்தான். தண்ணீர் குடிக்காவிட்டால் போக வேண்டாம், சாப்பிடாவிட்டால் அதற்கும் போக வேண்டாம் என்று பெரிய கணக்குப் போட்டேன். என்னைப் போல் இன்னும் மூன்று பேர் கர்ப்பமாக இருந்தார்கள், நாலு பேரும் அதையேதான் செய்தோம், அதை ஒரு சாமர்த்தியம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக்கொண்டோம், நேற்று இத்தனை மணி வரை தாக்குப்பிடித்தேன் என்று பந்தயம் வேறு. முட்டாள்கள். உடம்பு என்ன நம் மேஜை டிராயரா, மூடிவைத்தால் மூடியே இருக்க. வரும்போது அடக்கி அடக்கி, கடைசியில் அது வருவதையே நிறுத்திக்கொண்டது. மூன்று நாள், ஆறு நாள், எட்டு நாள். வயிறு உப்பி மூச்சு முட்டும், மார்பு எரியும், புளித்த தண்ணீர் தொண்டை வரை வரும். போதாக்குறைக்கு டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை வேறு இன்னும் இறுக்கிவிட்டது. எட்டாம் நாள் முக்கி முக்கிப் போனபோது ரத்தம் பார்த்தேன், உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். உனக்கு ஒன்றுமில்லை, மூலம் வெளியே வந்திருந்தது. அதோடு கடைசி மாதம் வரை ஒரு பக்கப் புட்டத்தில் உட்கார்ந்து காலர் தைத்தேன், பழைய துணியை வளையமாகச் சுருட்டி அடியில் போட்டுக்கொண்டு. பூட்டு அதைப் பார்த்துவிட்டு, என்னம்மா மெத்தை எல்லாம் போட்டுக்கிற, ராணியாட்டம் என்றாள். அதற்கும் கூடம் சிரித்தது.

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. உன்னைப் பெற்றபோது கீழே கிழிந்து தையல் போட்டார்கள். தையல் பிரிந்துவிடும் என்று பயந்து, வெளிக்குப் போகாமல் இருக்க வேண்டுமென்றால் சாப்பிடாமல் இருப்பதுதான் வழி என்று தொழிற்சாலையில் படித்த பாடத்தையே வீட்டிலும் செய்தேன். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிற உடம்பு, நாளைக்கு ஒரு வேளை, அதுவும் கால் வயிறு. ஒன்பதாம் நாள் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை, உன் அப்பா என்னைத் தூக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஒரு நர்ஸ், வயதானவள், கையுறை போட்டுக்கொண்டு விரலால் தோண்டித் தோண்டி எடுத்தாள். மகளிடம் எழுதுகிற விஷயமா இது என்று நினைக்காதே, மகளிடம்தான் எழுத வேண்டும். அவள் முகம் சுளிக்கவில்லை, மூக்கைப் பொத்தவில்லை, "இதுக்கு எதுக்கும்மா இவ்வளவு நாள் பொறுத்த, முதல் நாளே வந்து கேட்டிருந்தா ஒரு மருந்துல முடிஞ்சிருக்கும்" என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு மாதக்கணக்கில் எனக்குக் காற்றை அடக்க முடியாமல் போனது. மூன்றாம் மாதம் வேலைக்குத் திரும்பினேன், காலரை ஊசிக்கு அடியில் தள்ளக் குனிகிறேன், கூடம் முழுக்கச் சத்தம் கேட்டது. பூட்டு எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அந்த வாரமே வேலையை விட்டேன். அடுத்த வருஷம் ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தேன், எப்படித்தான் அடுத்தவங்க அசிங்கத்தை அள்றியோ என்று உன் சித்தி இன்றைக்கும் கேட்கிறாள். மணி அடித்தால் ஒரு நிமிஷத்தில் படுக்கையிலேயே போக வைக்கிற பெட்பேனோடு நிற்பேன், அதில் பாதி அந்த நர்ஸுக்கு நன்றி, மீதிப் பாதி பூட்டு மேல் ஆத்திரம். அவளும் ஒருநாள் படுக்கையில் கிடந்து கேட்க வேண்டும், கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு பெட்பேனைக் கழுவும்போதும் நினைத்திருக்கிறேன்.

கேட்டுவிட்டாள். போன மாதம் எலும்பு வார்டில் ஒன்பதாம் படுக்கைக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஒரு அம்மாள் வந்தாள், எழுபத்துநாலு வயது. முகத்தைப் பார்த்தபோது சந்தேகம், சார்ட்டில் பெயரைப் பார்த்ததும் பூட்டுதான் என்று தெரிந்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, வேறு மாதிரி எழுதி உன்னிடம் நல்லவள் வேஷம் போட மாட்டேன். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள் மத்தியானம் ஒன்பதாம் படுக்கையின் மணி அடித்தது. நான் அந்தக் கோடியில் போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்டது. இன்னொரு போர்வையை எடுத்து மடித்தேன். சுவர்க் கடிகாரம் எனக்கு நேர் எதிரே இருக்கிறது. நாலு நிமிஷம் போனது, போகட்டும் என்று பார்த்தேன், பத்து ஆனது. மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன். இருபது நிமிஷம் கழித்துத்தான் பெட்பேனை எடுத்துக்கொண்டு போனேன். நெற்றியெல்லாம் வேர்த்து, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். என்னைப் பார்த்ததும், "உங்களுக்குச் சிரமம் குடுக்கறேன்மா" என்றாள். என் வயிறு குளிர்ந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சாப்பிட்டேன், என்ன விசேஷம் என்று உன் அப்பா கேட்டார்.

மூன்று நாள் அப்படிச் செய்தேன். தப்பு என்று தெரியும், தெரிந்துதான் செய்தேன், என் இருபத்தெட்டு வருஷ வேலையில் வேறு யாருக்கும் செய்ததில்லை. நாலாம் நாள் காலையில் அவள் படுக்கை பக்கம் துடைக்கப் போனேன். முந்தைய நாள் மத்தியானம் வைத்த தண்ணீர்க் குவளை விளிம்பு வரை அப்படியே இருந்தது. தட்டில் சாப்பாடும் அப்படியே. நர்ஸ் வந்து, பாட்டி ஏன் தண்ணியே குடிக்க மாட்டேங்கறாங்க, வலி மாத்திரையால வர்ற மலச்சிக்கல் இன்னும் ஜாஸ்தியாகுமே என்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியாதா ஏன் என்று. கூப்பிட்டால் வர நேரமாகிறது என்று பார்த்துவிட்டு, கூப்பிடவே வேண்டாம் என்று முடிவு கட்டியிருக்கிறாள். நான் அந்தக் கூடத்தில் செய்த அதே கணக்கு. எனக்குப் பரிதாபம் வந்தது என்று நினைக்காதே, கோபம்தான் வந்தது, இத்தனை வருஷம் காத்திருந்து வாங்கிய பழியில்கூட என் மூஞ்சியே தெரிகிறதே என்று. குவளையை எடுத்து அவள் வாயில் வைத்து, "குடிங்க, முழுசா குடிங்க" என்று அதட்டினேன். குடித்தாள்.

அன்றைக்கு மத்தியானம் மருந்து கொடுத்து, சக்கரம் வைத்து, மலம் கழிக்க நடுவில் ஓட்டை போட்ட நாற்காலியில் அவளை உட்காரவைத்தோம். திரையை இழுத்துவிட்டு நான் பக்கத்தில் நின்றேன். எழுந்து போக அவளால் முடியாது, நாலு நாள் கட்டியது இறங்குகிற வரை அங்கேதான் இருக்க வேண்டும். இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று ஆரம்பித்தேன். காலர் மெஷின், இஸ்திரிப்பெட்டிக் கைப்பிடி, புள்ளையா குழாயா, துணி வளையம், ரத்தம், தையல், நர்ஸ் விரல், ஜன்னல், ஒன்று விடாமல், குரலை உயர்த்தாமல் சொன்னேன். மூன்று நாள் மணி அடித்தும் நான் வேண்டுமென்றேதான் உடனே வரவில்லை என்பதையும் சொன்னேன். அவள் என் முகத்தை உற்று உற்றுப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன், மன்னிப்புக் கேட்டால் கொடுக்கக் கூடாது என்று அதற்கும் தயாராக இருந்தேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது மகளே. "காலர் பொண்ணா நீ! அட, உன்ன மறப்பேனா! புள்ளத்தாச்சி, ஒரு நாள்கூட சாவி கேட்டு வந்ததில்லையே. மத்தவளுங்ககிட்டல்லாம் உன்னக் காட்டித்தான் சொல்வேன், அவளப் பாத்துக் கத்துக்கங்கடின்னு" என்றாள். குழாய் என்று சொன்னது அவளுக்கு ஞாபகமே இல்லை. ஜன்னல் ஞாபகம் இல்லை. புழுக்கமா இருந்திருக்கும், தொறந்திருப்பேன் என்றாள். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, மனதார, "அவ்வளவு கஷ்டமா இருந்துச்சுன்னா கேட்டிருக்கலாமேம்மா, கேட்டிருந்தா குடுத்திருப்பேனே" என்றாள்.

எனக்கு அப்படியே அந்த நாற்காலியோடு அவளைத் தள்ளிவிடலாம் போலிருந்தது. தள்ளவில்லை, துடைத்துவிட்டுப் படுக்கையில் போட்டேன். இருபத்தொன்பது வருஷமாக அவளைப் பேய் மாதிரி மனதில் வைத்து வளர்த்திருக்கிறேன், அவளுக்கு நான் செல்லப்பிள்ளை. நான் ரத்தம் விட்டதெல்லாம் அவள் கணக்கில் எனக்கு நற்சான்றிதழ். அடுத்த வாரம் வீட்டுக்குப் போகிற அன்று வாசலில் என் கையைப் பிடித்து, கூட்டிப்போக வந்த அவள் மகளிடம், "தங்கமான பொண்ணு, தொந்தரவே குடுக்க மாட்டா" என்றாள். நான் கையை உருவிக்கொண்டு வந்துவிட்டேன். இனி அவளிடம் எனக்கு எந்தப் பழியும் தீராது, ஞாபகமே இல்லாதவளிடம் என்னத்தைத் தீர்ப்பது. ஆனால் ஆத்திரம் அப்படியே இருக்கிறது, அதை உனக்கு அனுப்பிவைக்கிறேன், நீ பயன்படுத்திக்கொள்.

நாளைக்குக் காலையில் ஆபீசுக்குப் போனதும் பாட்டிலை எடுத்து மேஜை மேல் வை, எல்லாரும் பார்க்கிற மாதிரி வை. தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் குடித்துக்கொண்டே இரு. இருக்கையை விட்டு எழுந்தால் ஆபீஸ் கம்ப்யூட்டர் திரையில் உன் பெயருக்கு நேரே சிவப்பு வருமாமே, வரட்டும், நாள் முழுக்கச் சிவப்பாகவே கிடக்கட்டும். வரும்போது போ, இந்த ஒரு போன் காலைப் பேசி முடித்துவிட்டுப் போகிறேன், இன்னும் ஒன்று என்று அடக்காதே, அடக்குவதில்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது. காலையில் சாப்பிட்ட கையோடு போய் உட்கார், குடல் அப்போதுதான் சுறுசுறுப்பாக இருக்கும். காலுக்கடியில் ஒரு சின்ன முக்காலி போட்டு முட்டியை உயர்த்திக்கொள், முன்னால் சாய், முக்காதே, பத்து நிமிஷத்தில் வராவிட்டால் எழுந்து வந்துவிடு, போனை எடுத்துக்கொண்டு அங்கேயே குடியிருக்காதே. தோலோடு தின்னக்கூடிய பழத்தைத் தோலோடு தின்று, பயறு, கீரை, உலர்ந்த திராட்சை எல்லாம் சேர்த்துக்கொள், ஆனால் ஒரே நாளில் மூட்டையாகத் தின்றுவிடாதே, வயிறு உப்பும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. சாப்பிட்டதும் படுக்காதே, மார்பெரிச்சல் வரும், தலையணையை உயர்த்திப் படு, மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாகப் பிரித்துக்கொள். ஒரு நடை நட, மாப்பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போ, அவருக்கும் தொப்பை விழுந்திருக்கிறது, போட்டோவில் பார்த்தேன்.

ஐந்து நாள் ஆகிவிட்டது என்றாய், இது எழுதும்போது இன்னும் கூடியிருக்கும், அதனால் இந்தக் கடிதம் கைக்கு வரும் வரை காத்திருக்காதே என்று நாளைக்கு உன் சித்தியை விட்டுப் போன் செய்யச் சொல்லியிருக்கிறேன், டாக்டரிடம் போ என்ற ஒரு வரி மட்டும்தான் அவள் சொல்வாள், மீதி இதில் இருக்கிறது. டாக்டரிடம் வாயைத் திறந்து, மலம் போகவில்லை என்று அந்த வார்த்தையையே சொல், வயிறு ஒரு மாதிரி இருக்கு என்று சுற்றி வளைத்தால் அவர்கள் வேறு எதையாவது பிடித்துக்கொள்வார்கள். இரும்புச்சத்து மாத்திரையை நீயாக நிறுத்தாதே, மாற்றித் தரச் சொல், கர்ப்பத்தில் சாப்பிடக்கூடிய இளக்கும் மருந்து இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கிக்கொள். உன் அப்பா விளக்கெண்ணெய் கொடுக்கலாமே என்று ஆரம்பித்தார், பல்லோடு வாயையும் சேர்த்து மூடச் சொன்னேன், பேதி மருந்து எதையும் நீயாகக் குடிக்காதே, அது பிரசவ வலியைக் கிளப்பிவிடும். மூலம் வந்து எரிந்தால் தொட்டியில் இளஞ்சூடான தண்ணீர் விட்டுப் பத்து நிமிஷம் உட்கார். வாந்தியோ, விட்டு விட்டு வயிறு முறுக்குவதோ, காற்றுகூடப் பிரியாமல் வயிறு இறுகுவதோ, ரத்தம் போவதோ இருந்தால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு, மாப்பிள்ளை தூங்கினால் எழுப்பு.

பிரசவம் ஆன பிறகு முதல் தடவை போக எல்லாருக்கும் பயம்தான், பிரசவ வார்டில் வேலை பார்த்த காலத்தில் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். தையல் பிரியாது. சுத்தமான துணியை மடித்து முன்பக்கம் தையலின் மேல் மெல்ல அழுத்திக்கொண்டு, முன்னால் சாய்ந்து, மூச்சை வெளியே விட்டுக்கொண்டு போ, இதை எனக்கு அந்த நர்ஸ் காட்டிக்கொடுத்தாள், ஒன்பது நாள் தாமதமாக. பயந்துகொண்டு பட்டினி கிடக்காதே, பால் கொடுக்கிற உடம்புக்குத் தண்ணீர் இரட்டிப்பாக வேண்டும், ஒவ்வொரு தடவை பால் கொடுக்க உட்காரும்போதும் பக்கத்தில் ஒரு குவளை வைத்துக்கொள். காற்றை அடக்க முடியவில்லை, உள்ளாடையில் கறை படுகிறது என்றால் அது உன் குற்றமில்லை, வெட்கமும் இல்லை, அடிப்புறத் தசையை இறுக்கிப் பழக்கும் பயிற்சி இருக்கிறது, சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறார்கள், கேள். நான் கேட்கவில்லை, ஒரு வருஷத்துக்கு மேல் கல்யாணம் காட்சி எதற்கும் போகாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். உன் முதல் பிறந்தநாள் போட்டோவில் நான் ஏன் இல்லை என்று கேட்பாயே, நான்தான் படம் எடுத்தேன் என்று சொல்லியிருக்கிறேன், அன்றைக்கு நான் அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உன் டீம் லீடர் கெட்டவராக இருப்பார் என்று நான் சொல்லவில்லை. பூட்டு மாதிரி அவரும் உன்னைப் பாராட்டிக்கொண்டிருப்பார், பாரு, ஏழு மாதத்திலும் எழுந்திருக்காமல் வேலை செய்கிறாள் என்று பக்கத்து நாற்காலிப் பெண்ணுக்கு உன்னையே காட்டிக்கொண்டிருப்பார். அந்தப் பெண்ணும் நாளைக்குப் பாட்டிலைப் பைக்குள் வைப்பாள். நினைக்கும்போதே எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. எழுந்து போ மகளே, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எழுந்து போ, நாற்காலி சத்தம் போட இழுத்துவிட்டுப் போ. யாராவது ஏதாவது சொன்னால் சிரிக்காதே, சிரிக்காமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நில், பேசத் தெரியாவிட்டால் வேண்டாம், சிரிக்காமல் இருந்தால் போதும்.

உன் அப்பா வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்கிறது, பல்லைப் பிடுங்கிவிட்டார்கள் போல, பேச்சில்லை, நல்லதாயிற்று. போனது என்று ஒரு வார்த்தை எனக்குச் செய்தி அனுப்பு, வேறொன்றும் எழுத வேண்டாம், எனக்குப் புரியும். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு. நீ தண்ணீர் குடித்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, நேரத்துக்கு எழுந்து போய், ஆபீஸ் முழுக்கக் கெட்ட பெயர் எடுத்து, நல்லபடியாகப் பிள்ளையைப் பெற்றெடுக்க வேண்டும் என்று ஆசீர்வாதம் செய்கிறேன்.

இப்படிக்கு,
தொந்தரவே கொடுக்காத தங்கமான பெண் என்று பேர் வாங்கிய
உன் அம்மா